ராணிகளுக்கு முப்பத்து நான்கரை டிகிரி

எங்கள் கம்பெனியில் எய்மான்தஸைவிட வெப்பத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவர் யாரும் கிடையாது. இதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் அவனுடைய மாமனார் கசிமியேரஸ்.

வில்னியஸில் ஒரு பழைய தையல் ஆலையின் மூன்றாம் மாடியில் பதினாறு பேர் உட்கார்ந்து வெப்பத்துக்கான கன்ட்ரோலர்கள் செய்கிறோம். ஒரு தடித்த புத்தகத்தின் அளவுள்ள பெட்டி. அதிலிருந்து கிளம்பும் இரண்டு கம்பிகள் பிஸ்கட் அளவிலான ஒரு பீங்கான் தகட்டில் போய் முடியும். மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் தகட்டின் ஒரு முகம் குளிரும், மறு முகம் சுடும். திசையைத் திருப்பிவிட்டால் குளிர்ந்தது சுடும், சுட்டது குளிரும். எந்தத் திசையில், எவ்வளவு மின்சாரம் என்று நொடிக்கு நூறு முறை முடிவெடுப்பதுதான் பெட்டியின் வேலை. லேசர்க்காரர்களுக்கும் ரத்தப் பரிசோதனைக் கருவி செய்கிறவர்களுக்கும் இது வேண்டும். எங்கள் புதிய மாடலுக்கு நிரல் எழுதியவன் எய்மான்தஸ். வைத்த வெப்பநிலையிலிருந்து ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் அது நகராது. பெட்டிக்குள் சால்டரிங் செய்வதும், செய்தபின் சோதிப்பதும் என் வேலை. என் பெயர் வைவா. நடந்ததில் பாதியை நேரில் பார்த்தேன். மீதியை அங்கே இருந்த ஐந்து பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொன்னார்கள், எய்மான்தஸ் மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொன்னான்.

கசிமியேரஸுக்கு வயது எழுபத்திரண்டு. மொலேதாய் ஏரிகளுக்குப் பக்கத்தில் நாற்பது தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார். தேனைவிட ராணித் தேனீக்களை வளர்த்து விற்பதில்தான் அவருக்குப் பெயர். ஆறு வருடங்களுக்கு முன்னால், மகளின் கல்யாணத்தன்று, என்ன வேலை பார்க்கிறாய் என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். எய்மான்தஸ் இருபது நிமிடம் விளக்கினான். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்துபோய்ப் பக்கத்து மேஜைக்காரர்களிடம், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறானாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த ஊரில் அவன் ஃப்ரிட்ஜ் மாப்பிள்ளை. கொண்டு வந்து கொட்டப்பட்ட பழைய ஃப்ரிட்ஜ்கள் மூன்றை அவன் பார்த்துக் கொடுத்திருக்கிறான். இரண்டு ஓடின.

போன மே மாதம், ராணிகள் பிறக்கும்வரை சூட்டில் வைக்கும் கசிமியேரஸின் அடைப்பெட்டி எரிந்துபோனது. ராணியாகப் போகும் புழுவைத் தேனீக்கள் நிலக்கடலை மாதிரி ஒரு மெழுகு அறைக்குள் வைத்து மூடிவிடும். அதை ராணி அறை என்பார்கள். மூடிய அறைகளை எடுத்து முப்பத்து நான்கரை டிகிரிச் சூட்டில் சில நாள் வைத்திருந்தால் ராணி தானே வாயைக் கடித்துத் திறந்துகொண்டு வெளியே வரும். சூடு ஏறினால் செத்துவிடும், இறங்கினால் இறகு சுருங்கிப் பிறக்கும். இதுவரை ஒரு பழைய அலமாரிக்குள் பல்பு எரியவிட்டுச் சமாளித்து வந்தார். அலமாரி புகைந்ததும், எய்மான்தஸின் மனைவி ஸ்கைஸ்தே அவனிடம் சொன்னாள்: உலகத்துக்கே செய்து கொடுக்கிறாயே, என் அப்பாவுக்கு ஒன்று செய்து கொடு.

அவன் ஆறு வருடமாகக் காத்திருந்தது இதற்குத்தான். வியாழக்கிழமை வரை வீட்டில் வைத்து ஓட்டிப் பார்க்கிறேன் என்று எங்கள் முதலாளி தானுதேயிடம் சொல்லி, புது நிரல் போட்ட மாதிரிப் பெட்டியை எடுத்துக்கொண்டான். சனிக்கிழமை மாமனாரின் கொட்டகையில் ஒரு மரப்பெட்டிக்கு உள்ளே நுரைத்தகடு ஒட்டி, சுவரில் ஓட்டை போட்டுப் பீங்கான் தகட்டைப் பொருத்தி, வெளிப்பக்கம் அலுமினியச் செதில்களும் சின்ன விசிறியும் வைத்தான். ஒரு முனைக்குச் சிவப்பு, மறு முனைக்குக் கறுப்பு என்பது வழக்கம், ஆனால் ஊர்க் கடையில் கறுப்புக் கம்பி மட்டும்தான் இருந்தது. இரண்டு முனைக்கும் அதையே போட்டான். இருபத்திரண்டு ராணி அறைகள் உள்ளே போயின. திரையில் 34.500 என்று வந்து நின்றது.

கசிமியேரஸ் தன் பாதரச வெப்பமானியை உள்ளே செருகிவிட்டு, எதிரே முக்காலி போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்து, சரி என்றார். அந்த ஒரு சொல்லை எய்மான்தஸ் இப்போதும் எல்லோரிடமும் சொல்லிக் காட்டுவான். ஆனால் கதவருகே போனதும் அவர் திரும்பி, கடைசி இரண்டு சைபர் எதற்கு என்று கேட்டார்.

"துல்லியம் மாமா. ஆயிரத்துல ஒரு பங்கு."

"தேனீக்கு அவ்வளவு எண்ணத் தெரியாதே," என்றார் அவர்.

வியாழக்கிழமை காலை ஜெர்மனியிலிருந்து டாக்டர் விட்கோப் வந்தார். பரிசோதனைக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியின் பெரிய பொறியாளர். நெட்டையான, மெதுவாகப் பேசுகிற மனிதர். முந்நூறு கன்ட்ரோலர் வாங்குவதா வேண்டாமா என்பது அவர் கையில் இருந்தது. தானுதே காபி கொடுத்து, கேக் கொடுத்து, மாதிரியைக் காட்டலாம் என்று அலமாரியைத் திறந்தால் தட்டு காலியாக இருந்தது. மற்ற இரண்டு மாதிரிகளும் அதிர்வுச் சோதனைக்காக வெளியே போயிருந்தன.

அவள் எய்மான்தஸை நடைவழிக்கு இழுத்தாள். நான் பக்கத்து மேஜை. எல்லாம் கேட்டது.

"வீட்டுக்குன்னுதானே சொன்ன. எந்த வீடு?"

"மாமனார் வீடு."

"அது எங்க இருக்கு?"

"மொலேதாய் தாண்டி. எழுபது கிலோமீட்டர். நாளைக்கு வருவார்னு நினைச்சேன் தானுதே, சத்தியமா."

தானுதே கடிகாரத்தைப் பார்த்தாள். வங்கிக்காரர்களையும் வரிக்காரர்களையும் சமாளித்துப் பதினெட்டு வருடம் கம்பெனி நடத்தியவள். உள்ளே போய், மாதிரிப் பெட்டி இப்போது நிஜமான களத்தில், உயிருள்ள பொருள்களோடு சோதனையில் இருப்பதாகவும், டாக்டர் விரும்பினால் அழைத்துப்போய்க் காட்டுவதாகவும் சொன்னாள். அவர் மிகவும் சந்தோஷப்பட்டார். இதுவரை எந்தக் கம்பெனியும் தன்னைக் களத்துக்கு அழைத்ததில்லை என்றார்.

மழை. மூன்று பேரும் போய் இறங்கியபோது, மே மாதக் கடைசியிலும் பதினோரு டிகிரி. கொட்டகை வாசலில் கசிமியேரஸ் தலை சீவி, நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். மாமியார் கெனோவைதே உருளைக்கிழங்கு அப்பத்துக்குத் துருவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கசிமியேரஸுக்குப் பழைய போர்ப் படங்களில் கேட்ட ஜெர்மன் சொற்கள் நாலு தெரியும். அவற்றில் எதையும் விருந்தாளியிடம் சொல்ல முடியாது என்பதால் கையை மட்டும் குலுக்கினார்.

திரையில் 34.500. டாக்டர் குனிந்து பத்து நிமிடம் பார்த்தார். கடைசி இலக்கம் ஒன்றுகூட ஏறி இறங்கவில்லை. தலையை ஆட்டினார். பிறகு, கம்பியைக் கழற்றிச் சூட்டைக் கொஞ்சம் இறங்கவிட்டு மறுபடி மாட்டினால் எவ்வளவு சீக்கிரம் பழைய இடத்துக்கு வருகிறது, பார்க்கலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ராணிகளுக்கு அரை டிகிரியால் ஒன்றும் ஆகாது என்று கசிமியேரஸும் அனுமதி கொடுத்தார்.

எய்மான்தஸ் இரண்டு திருகுகளைத் தளர்த்திக் கம்பிகளை இழுத்தான். சூடு 33.9க்கு இறங்கியது. டாக்டரின் முகத்தைப் பார்த்து, தன் நிரல் எப்படி யோசிக்கும் என்பதை விளக்கிக்கொண்டே, கையைப் பார்க்காமல் கம்பிகளைத் திரும்ப மாட்டினான். இரண்டும் கறுப்பு.

33.5 ஆனது. 32.8. இப்போது திரும்பும் பாருங்கள் என்றான். 31.6. லேப்டாப்பைத் திறந்தான். உள்ளே இருந்த எண்களை மாற்றினான். இன்னும் வேகமாக இறங்கியது. அவன் கூட்டக் கூட்டப் பெட்டி தன் முழுப் பலத்தோடு சூடேற்றுவதாக நினைத்துக்கொண்டு குளிர்வித்தது. தானுதே டாக்டரைப் பார்த்துச் சிரித்தபடியே எய்மான்தஸின் காலை மிதித்தாள்.

கசிமியேரஸ் பெட்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய்ச் செதில்களில் கை வைத்தார்.

"மாப்பிள்ள, வெளிப்பக்கம் சுடுது."

"இருங்க மாமா. இது சாஃப்ட்வேர் விஷயம்."

"உள்பக்கம் சில்லுன்னு இருக்கு. சமையல்கட்டுல ஃப்ரிட்ஜும் இப்படித்தான் இருக்கும்."

கம்பிகளை மாற்றி மாட்டிவிட்டது அப்போதுதான் எய்மான்தஸுக்குப் புரிந்தது. 26.2. காது நுனி வரை சிவந்துவிட்டதாகக் கெனோவைதே சொன்னாள். திருப்புளியை எடுத்தான். மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பவன் அவன்தான். நிறுத்தவில்லை. திருப்புளி இரண்டு திருகுகளையும் ஒன்றாகத் தொட்டது. நீல நிறத்தில் ஒரு பொறி பறந்தது. விசிறி நின்றது. திரை இருண்டது. பெட்டிக்குள் இருந்த ஃப்யூஸ் தன் கடமையைச் செய்துவிட்டது.

அந்த ஃப்யூஸ் சால்டரிங் செய்து பொருத்துவது. மாற்று ஃப்யூஸ் என் மேஜை இழுப்பறையில் இருந்தது.

எனக்கு ஃபோன் வந்ததும் ஃப்யூஸையும் சால்டரிங் கோலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை ராணி அறைகளை என்ன செய்வது? தேனீப் பெட்டிக்குள் திருப்பி வைக்கலாம் என்றால், அங்கே ஏற்கெனவே ஒரு ராணி இருக்கிறாள், விடமாட்டாள். மழையில் பெட்டியைத் திறக்கவும் கூடாது. அடுப்பின் ஓவனை லேசாகச் சூடாக்கி உள்ளே வைக்கலாமே என்று தானுதே கேட்டாள். கசிமியேரஸ் அவளைப் பார்த்த பார்வையில் அடுத்த அரை மணி நேரம் அவள் எதுவும் கேட்கவில்லை.

வழி சொன்னது கெனோவைதே. சொல்லவில்லை, செய்தாள். மரப்பெட்டியைத் திறந்து எட்டு அறைகளைக் கைக்குட்டையில் பொதிந்து, முனை கீழே பார்க்கும்படி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். முப்பது வருடத்துக்கு முன்னால், மின்சாரம் போன நாள்களில், இதுதான் அந்த வீட்டின் அடைப்பெட்டி. மீதம் பதினான்கு. தானுதேயின் பக்கம் நீட்டினாள். தானுதே தன் கோட்டைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், ஐந்து வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். கசிமியேரஸ் நான்கு. எய்மான்தஸ் கையை நீட்டினான்.

"நீ வேணாம்," என்றார் கசிமியேரஸ். "உன் உடம்பு எந்தப் பக்கம் சுடும்னு யாருக்குத் தெரியும்."

டாக்டர் விட்கோப்புக்கு யாரும் எதையும் மொழிபெயர்க்கவில்லை. அவரே கோட்டைக் கழற்றி, சட்டையின் மேல் இரண்டு பொத்தான்களை அவிழ்த்துவிட்டு, கையை நீட்டினார். கடைசி ஐந்தும் அவருக்குப் போயின. அவற்றோடு, தன் பையிலிருந்த ஒரு வெப்ப உணரியையும் எடுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, அதைத் தன்னிடமிருந்த சிறிய அளவுமானியில் இணைத்துக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருக்கவில்லை. முன்கூடத்து நீள பெஞ்சில் நாலு பேரும் முதுகை நிமிர்த்தி, வலது கையை நெஞ்சில் வைத்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல், தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க மறந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எய்மான்தஸ் மாமியாரின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தட்டோடு, டாக்டருக்கு அப்பத்தைப் புளித்த பாலாடையில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தான். அப்பம் ஒரு பக்கம் கருகியிருந்தது. டாக்டர் மென்றுகொண்டே அளவுமானியைப் பார்த்தார்.

யாருக்கு என்ன ஆயிற்று என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகல," என்றார் கசிமியேரஸ். "இனிமேதான் ஆகணும். மெதுவா உக்காரும்மா, பெஞ்சு ஆடுது."

கொட்டகைக்குப் போய் ஃப்யூஸை மாற்றினேன். எய்மான்தஸ் பின்னாலேயே வந்து விளக்கைப் பிடித்தான். கம்பிகளை நான்தான் மாட்டினேன். ஒன்றில் சிவப்பு நெயில் பாலிஷ் பூசினேன். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் நான் ஒரு கூட்டத்தில் கேட்டிருந்தேன்: கம்பி மாறிப் போனால் பெட்டி கண்டுபிடிக்கும்படி செய்ய முடியாதா என்று. முட்டாள்களுக்காக நிரல் எழுத நேரமில்லை என்று அவன் சொன்னான்.  திரை எரிந்தது. பெட்டி சூடேறத் தொடங்கியது. அரை மணி நேரம் ஆகும் என்றான்.

திரும்பி வந்தபோது டாக்டரின் முகம் மாறியிருந்தது. சட்டைக்குள் ஏதோ நடக்கிறது என்று ஆங்கிலத்தில், மிக மெதுவான குரலில் சொன்னார். கடிக்கும் சத்தம் கேட்கிறதாம். பிறகு, இப்போது நடக்கிறதாம். இடது அக்குள் பக்கமாக.

ஒரு ராணி வெளியே வந்துவிட்டாள். மனிதர் பயத்தில் கையை உடம்போடு இறுக்கிக்கொள்வதற்கு இன்னும் ஒரு விரல்கடைதான் இருந்தது. இறுக்கினால் ராணி நசுங்கிவிடுவாள். தானுதேக்கு ஆங்கிலமே மறந்துபோனது. கசிமியேரஸ் தன் நான்கு அறைகளை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து, அவர் எதிரே நின்று, தனக்குத் தெரிந்த நாலு ஜெர்மன் சொற்றொடர்களில் ஒன்றை உரக்கச் சொன்னார். கையைத் தூக்கு.

டாக்டர் விட்கோப் இரண்டு கைகளையும் உடனே தூக்கினார்.

கசிமியேரஸ் மூன்றாவது பொத்தானை அவிழ்த்து, இரண்டு விரலால் ராணியை இறகோடு சேர்த்துப் பிடித்து, தீப்பெட்டி அளவுக் கூண்டுக்குள் விட்டார். நீளமாக, பழுப்பாக, ஈரம் காயாமல் இருந்தாள். ராணி மனிதரைக் கொட்டுவதில்லை என்று அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். முன்பே சொல்லியிருக்கலாமே என்றார் டாக்டர், கையை இன்னும் இறக்காமல். இறக்கலாம் என்பதற்கான ஜெர்மன் கசிமியேரஸுக்குத் தெரியாது. கெனோவைதேதான் பிடித்து இறக்கிவிட்டாள்.

மற்ற அறைகள் மரப்பெட்டிக்குத் திரும்பிய பிறகு எல்லோரும் சமையலறையில் உட்கார்ந்தோம். இந்த முறை கெனோவைதே சுட்டாள். கம்பி எப்படி மாறியது என்று டாக்டர் கேட்டார். தானுதே, கம்பியின் நிறம், ஊர்க் கடை என்று ஆரம்பித்தாள். எய்மான்தஸ் குறுக்கிட்டு, ஆங்கிலத்தில் ஒரு முறையும் மாமனாருக்காக எங்கள் மொழியில் ஒரு முறையும் சொன்னான்.

"நான்தான் மாத்தி மாட்டினேன். மாமா சொன்னார், நான் கேக்கல. பவரையும் நிறுத்தல."

 அவன் முள்கரண்டியால் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஆறு வருடமாக இந்த மேஜையில் தன்னை நிரூபித்துவிட வேண்டும் என்று நினைத்தவன், இதற்குமேல் இறங்க இடமில்லை என்று அப்போது நினைத்ததாக என்னிடம் பிறகு சொன்னான். கசிமியேரஸ் அப்பத்தை முழுங்கிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"எண்பத்தேழுல ஒரு ராணி வாங்கினேன். ரொம்ப ஒசத்தி ஜாதி. பறந்து போயிடுச்சுன்னு சொன்னேன்ல? பறக்கல. நான்தான் மிதிச்சுட்டேன். பூட்ஸுக்கு அடியில இருந்துச்சு. கெனோவைதேகிட்ட இன்னும் சொல்லல."

"இப்ப சொல்லிட்ட," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெனோவைதே. அவள் குரலிலிருந்து அந்த விஷயம் இன்று முடியாது என்று தெரிந்தது.

டாக்டர் விட்கோப் அளவுமானியில் பதிவானதை எங்களுக்குக் காட்டினார். அவருடைய நெஞ்சு ஒன்றரை மணி நேரம் முப்பத்து நான்கு புள்ளி இரண்டுக்கும் முப்பத்து நான்கு புள்ளி எட்டுக்கும் நடுவில் இருந்திருக்கிறது. பெரிய ஏற்றம் ராணி நடந்தபோது. ஆயிரத்தில் ஒரு பங்கு இல்லைதான், ஆனால் கம்பியே கிடையாதே என்றார். பிறகு அளவுமானியைப் பையில் வைத்துவிட்டு, பேச்சை வியாபாரத்துக்குத் திருப்பினார். உங்கள் பெட்டி நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் தொழிற்சாலையிலும் அவசரத்தில் கம்பி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மாறிப்போனால் கண்டுபிடித்து நின்றுவிடும் பெட்டிதான் எனக்கு வேண்டும் என்றார். எய்மான்தஸ் என்னைப் பார்க்காமலேயே, மூன்று வாரத்தில் தருகிறேன் என்றான்.

இரண்டு வாரத்தில் எழுதினான். இப்போது எங்கள் பெட்டி வேலையைத் தொடங்குமுன் ஒரு நொடி துளி மின்சாரம் அனுப்பி, சூடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கும். எதிர்ப்பக்கம் போனால் கம்பிகளைச் சரிபார்க்கவும் என்று திரையில் எழுதிவிட்டு அசையாமல் நிற்கும். ஆகஸ்டில் முந்நூறு பெட்டிக்கும் கையெழுத்தானது. மாதிரிப் பெட்டியை வெளியே எடுத்துப்போக வேண்டுமென்றால் இனி முகவரியும் எழுத வேண்டும் என்று தானுதே உத்தரவு போட்டாள்.

இருபத்திரண்டில் பத்தொன்பது ராணிகள் நல்லபடியாக வந்தன. இரண்டு வரவில்லை. ஒன்றுக்கு இறகு சுருங்கியிருந்தது. அதை யாரும் எய்மான்தஸிடம் சொல்லவில்லை. அவனாகவே குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டான். டாக்டரின் சட்டைக்குள் பிறந்தவளை அவருக்கே தருவதாகக் கசிமியேரஸ் சொன்னார். விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்று அவர் வருத்தத்தோடு மறுத்துவிட்டார். அடுத்த வசந்தத்தில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பெட்டி வைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது, வெப்பநிலை அட்டவணையோடு.

இந்த வருடம் மே மாதத்தில் எய்மான்தஸ் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் மொலேதாய் போனான். பெட்டியைப் பார்க்க இல்லை, அது தன்பாட்டுக்கு ஓடுகிறது. மாமனார் அவன் கையில் தேனடைச் சட்டங்களைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்கிறார். ஒரு திங்கள்கிழமை தேனீ கொட்டி இடது கண் முழுக்க வீங்கி மூடியிருக்க அலுவலகத்துக்கு வந்து, வலது கண்ணால் எல்லோரையும் பெருமையாகப் பார்த்தான். ஊரில் இன்னும் ஃப்ரிட்ஜ் மாப்பிள்ளைதான். ஆனால் ஏதாவது பழுதானால் கசிமியேரஸ் இப்போதெல்லாம் அவனைக் கூப்பிடுவதில்லை, என்னைக் கூப்பிடுகிறார். போன வாரம் துவைக்கும் இயந்திரம். ஏதாவது கம்பி மாறியிருக்குமோ என்று மெதுவாகக் கேட்டார். சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.